லைனில் வேலைக்குப் போகலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பதினொரு வருடம் ஆடைத் தொழிற்சாலை லைனில் இருந்தவள். ஹெல்பராகப் போய்ச் சேர்ந்து, பிறகு ஓவர்லொக் என்கிற, துணி ஓரத்தை வெட்டித் தைக்கிற மெசினில் உட்கார்ந்து, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும், அவர்களைவிடக் கூடுதலாக அவர்களுடைய அம்மாமாரும், கோயிலடியிலும் பஸ் நிற்கும் இடத்திலும் என்னிடம் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலையைச் சிலர் அடிமைத் தொழில் என்கிறார்கள். சிலர் "ஏதோ கிடைத்ததற்குப் போ" என்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்குச் சம்மதமில்லை. இது ஒரு கைத்தொழில். கையில் வித்தை சேர வேண்டும், சம்பளச் சிட்டையை வாசித்து விளங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும். இரண்டும் இருக்கிறவள் இதில் காலூன்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

லைன் என்று எதைச் சொல்கிறார்கள்? அங்கே என்ன நடக்கும்?

ஊரிலே தையல் அக்கா ஒரு சட்டையை வெட்டுவதிலிருந்து பொத்தான் வைப்பது வரை தானே செய்வா. லைனில் அப்படியில்லை. ஒரு டீசேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் தோள் இரண்டையும் பொருத்துவா. அடுத்தவ கழுத்துக்கு ரிப் துணி வைப்பா. பிறகு லேபல், பிறகு கை பொருத்துவது, பிறகு விலாப்பக்கம் மூடுவது, பிறகு கையையும் அடியையும் மடித்து பிளட்லொக் மெசினில் தைப்பது. நூல் வெட்டுகிறவ ஒருத்தி, செக் பண்ணுகிறவ ஒருத்தி. ஒவ்வொருத்திக்கும் ஒரு துண்டு வேலைதான். துணி கட்டுக் கட்டாக, பண்டல் என்பார்கள், ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"ஒரே தையலைத்தானே நாள் முழுக்கத் தைக்கிறீர்கள், அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களை ஒரு நாள் கை பொருத்தும் மெசினில் இருத்திப் பார்க்க வேண்டும். உடம்புத் துணியின் வளைவும் கைத்துணியின் வளைவும் ஒன்றல்ல. இரண்டும் பின்னல் துணி என்பதால் தொட்டால் இழுபடும். இடது கை கொஞ்சம் கூட இழுத்தால் தையல் அலை அலையாக எழும்பும். இழுக்காமல் விட்டால் கடைசியில் ஒரு துணி அரை அங்குலம் மிஞ்சி நிற்கும். ஓவர்லொக்கில் ஊசிக்கு முன்னால் கத்தி இருக்கிறது. மிஞ்சியதை அது வெட்டிவிடும், பிழையும் மறைந்துவிடும், ஆனால் அந்தச் சட்டையை உடுத்தினால் ஒரு தோள் இறுகும். பழகிய ஒபரேட்டர் ஊசியைப் பார்க்கமாட்டா. இரண்டு அங்குலம் முன்னால் வந்துகொண்டிருக்கும் துணியின் ஓரத்தைத்தான் பார்ப்பா. விரலுக்கு அந்தத் துணியின் இழுவை தெரிய வேண்டும். இது கையில் ஏற எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

எனக்குத் தைக்கவே தெரியாது. எடுப்பார்களா?

எடுப்பார்கள். வீட்டிலே மிதி மெசினில் பழகியவர்களைவிட ஒன்றும் தெரியாமல் வருகிற பிள்ளைகள் சில நேரம் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டு மெசினில் பழகியவ துணியைக் கையால் தள்ளித் தைப்பா. தொழிற்சாலை மெசின் துணியைத் தானே இழுக்கும், நாம் வழி மட்டும் காட்ட வேண்டும். அந்தப் பழைய பழக்கத்தை மறப்பதே அவர்களுக்குப் பெரிய பாடு.

முதல் நாள்களில் நூல் இல்லாமல் கடதாசியில் ஓட்டப் பழக்குவோம். நேர்கோடு, வளைவு, மூலை. மிதியை அழுத்துவதும் விடுவதும் காலுக்குப் பழகின பிறகுதான் துணி. காலுக்கு அடங்கிய மெசின்தான் கைக்கும் அடங்கும்.

எந்த வயது, என்ன படிப்பு வேண்டும்?

2021 முதல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 16. ஆனால் பெரும்பாலான தொழிற்சாலைகள் 18 ஆகாதவர்களை எடுப்பதில்லை, அதுவே நல்லது. அக்காவின் அடையாள அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்கிற வேலையைத் தயவு செய்து செய்யாதீர்கள். சேமலாப நிதி முழுவதும் அக்காவின் பெயரில் போய்ச் சேரும். விபத்து நடந்தால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே ஆதாரம் இருக்காது. படிப்பைப் பொறுத்தவரை சாதாரண தரம் வரை படித்திருந்தால் போதும், பாஸ் பண்ணாவிட்டாலும் ஒபரேட்டராகலாம். மேலே போகத்தான் சான்றிதழ் கேட்பார்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்?

நாடு முழுவதுக்கும் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 2016 இல் வந்த சட்டத்தை 2025 இல் திருத்தி, 2025 ஏப்ரல் 1 முதல் 27,000 ரூபாய் என்றும், 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபாய் என்றும் ஆக்கினார்கள். இதற்குக் கீழே அடிப்படைச் சம்பளம் பேசினால் அது சட்டத்துக்கு மாறு. அதன் மேலே வருகைக் கொடுப்பனவு, டார்கெட் முடித்தால் இன்சென்டிவ், ஓவர்டைம் என்று சேரும். ஓவர்டைமுக்குச் சாதாரண மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு தர வேண்டும்.

இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். "எங்கட இடத்தில் 45,000 கிடைக்கும்" என்று ஆள் சேர்க்க வருகிறவர் சொன்னால், அதில் அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள். வருகைக் கொடுப்பனவு ஒரு நாள் லீவு எடுத்தாலே குறையும், சில இடங்களில் முழுதாகவே போய்விடும். இன்சென்டிவ் லைன் முழுவதும் டார்கெட் முடித்தால்தான். ஓவர்டைம் ஓடர் இருக்கும் மாதம் மட்டும். உறுதியாகக் கைக்கு வருவது அடிப்படைச் சம்பளம்தான். வீட்டுக் கணக்கையும் சீட்டுக் காசையும் அதை வைத்தே போடுங்கள். 45,000 வரும் என்று நம்பிக் குழு லோன் எடுத்துவிட்டு, ஓடர் குறைந்த மாதத்தில் தோட்டை அடகு வைத்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

இனிக் கழிவு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும். ஈ.பீ.எஃப் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். தொழிற்சாலை தன் கையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதமும் தொழிற்சாலைதான் போட வேண்டும், உங்களிடம் கழிக்கக் கூடாது. கணக்குப் பார்த்தால் 30,000 க்கு உங்கள் பங்கு 2,400, அவர்கள் பங்கு 3,600. மாதம் 6,000 ரூபாய் உங்கள் பெயரில் சேர்கிறது. நம்பிக்கை நிதி 900 தனி. வெட்டினார்கள் என்று அழுகிற பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுவேன். 2,400 போட்டால் 6,000 ஆகிற சீட்டு எங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது?

டார்கெட் என்றால் பயமாக இருக்கிறது. அதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பயப்பட வேண்டாம், விளங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நிமிடக் கணக்கு ஒன்று வைத்திருப்பார்கள். கடிகாரத்தோடு வந்து அளந்துவிட்டுப் போவார்களே, அந்த வேர்க் ஸ்டடி ஆட்கள் போடுவது. ஒரு கை பொருத்த 0.40 நிமிடம் என்று போட்டால், 60 ஐ 0.40 ஆல் பிரியுங்கள்: மணித்தியாலத்துக்கு 150. இது நூறு வீதம். புதிதாக வந்தவளிடம் 50 வீதம் எதிர்பார்ப்பார்கள் என்றால் 75.

நாள் முடிவில் உங்கள் வீதத்தை நீங்களே பார்க்கலாம். 900 கை பொருத்தினீர்கள் என்று வைப்போம். 900 ஐ 0.40 ஆல் பெருக்கினால் 360 நிமிடம். வேலை செய்தது 8 மணித்தியாலம், 480 நிமிடம். 360 ஐ 480 ஆல் பிரித்தால் 75 வீதம். இதை ஒரு சின்னக் கொப்பியில் தினமும் எழுதுங்கள். நான் எழுதினேன். மெசின் பழுதாகி 40 நிமிடம் சும்மா இருந்தால் அதையும் எழுதுவேன். "ஏன் இன்றைக்குக் குறைவு?" என்று சுப்பர்வைசர் கேட்கும்போது தலையைக் குனிந்து நிற்கிறதைவிட, "பத்தே கால் முதல் பத்து ஐம்பத்தைந்து வரை மெக்கானிக் வரவில்லை" என்று கொப்பியைக் காட்டுவது நல்லது. அன்றைக்கு மேலே இருப்பவர் குரலும் மாறும்.

லைன் முழுவதற்கும் கணக்கு இப்படித்தான். டீசேட்டுக்கு மொத்தம் 6 நிமிடம், 20 பேர், 480 நிமிடம் என்றால் நூறு வீதத்தில் 1,600 துண்டு. 65 வீதம் ஓடினால் 1,040. இதில் கை பொருத்துகிற இடத்தில் பண்டல் குவிந்தால் மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தும் பயனில்லை. ஆற்றுவாயை வெட்டிவிடாமல் வாவியை வடியச் சொன்னால் வடியுமா? அடைத்த இடத்துக்கு இன்னோர் ஆளைப் போட வேண்டும். டார்கெட் முடியாததற்கு எப்போதும் ஒபரேட்டரின் சோம்பலைக் காரணமாகச் சொல்கிற சுப்பர்வைசருக்குத் தன் வேலை தெரியவில்லை என்றே நான் சொல்வேன். இன்னொன்று: டார்கெட்டுக்காகப் பிழைத் துணியை அடுத்தவளிடம் தள்ளாதீர்கள். அது பின்னேரம் பிரித்துத் தைக்கத் திரும்பி வரும். தைத்ததைப் பிரிப்பது தைப்பதைப்போல மூன்று மடங்கு நேரம்.

பாத்ரூம் போகவும் விடமாட்டார்களாமே?

விடமாட்டோம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நடப்பது என்னவென்றால், எழும்பிப் போனால் பண்டல் குவிந்துவிடும் என்று பிள்ளைகள் தாங்களே போகாமல் இருக்கிறார்கள். போகாமல் இருக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். பங்குனி சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழே, இஸ்திரி நீராவி அடிக்கிற பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீர் குடிக்காவிட்டால் இரண்டு மாதத்தில் சலக்கடுப்பு வரும், கிருமி தொற்றிக் காய்ச்சல் வரும். நான் பழக்குகிற பிள்ளைகளிடம் முதல் நாளே தண்ணீர்ப் போத்தல் கேட்பேன். மத்தியானத்துக்குள் ஒரு போத்தல் முடிந்திருக்க வேண்டும்.

ரம்ழான் மாதத்தில் நோன்பு பிடித்துக்கொண்டு வருகிற கல்முனை, ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை இஸ்திரிப் பக்கம் போடாமல் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்கிறார்கள். கேட்காமல் யாருக்கும் தெரியாது.

உடம்புக்கு வேறு என்ன வரும்?

கழுத்து, முதுகு, வலது முழங்கால். கதிரையின் உயரம் பிழையாக இருந்தால் இது நிச்சயம். முழங்கை மெசின் மேசையின் மட்டத்தில் நிற்க வேண்டும், பாதம் முழுவதும் மிதியில் பட வேண்டும். கட்டையான பிள்ளைகள் பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பஞ்சுத் தூசுக்கு முகக்கவசம். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு விடிய ஐந்தரைக்குப் பஸ் ஏறுவதுதான் பெரிய கேடு. மயங்கி விழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனால் மருத்துவ அறைத் தாதி கேட்கிற முதல் கேள்வி, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" பதில் பெரும்பாலும் வெறும் தேத்தண்ணி. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தயிரும் வெங்காயமும் போட்டுக் குடித்துவிட்டு ஓடலாம்.

ஊசி குத்துமா?

குத்தும். எனக்கும் நாலாம் மாதத்தில் இடது சுட்டுவிரலில் நகத்தோடு ஏறியது. விரல் உள்ளே போகாமல் மறிக்க ஊசிக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பி இருக்கும். வேகமாகத் தைக்கலாம் என்று அதை மேலே தூக்கி வைத்திருந்தேன். பிழை என்னுடையது. அந்தக் கம்பியை ஒருநாளும் தூக்க வேண்டாம். கண் காப்பு இருந்தால் அதையும் கழற்ற வேண்டாம். குத்தினால் மெசினை நிற்பாட்டிவிட்டு அசையாமல் கூப்பிடுங்கள், இழுக்காதீர்கள். ஏற்பு ஊசி போட வேண்டும். விபத்தைப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் கேட்க வழியில்லை.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுக்கும் வரை வேலை நிற்கும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, பதிவுப் புத்தகத்தில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு நுனி கிடைக்காவிட்டால் பண்டல் முழுவதும் இரும்பு பிடிக்கிற மெசினுக்குள் போகும். புதிதாக வருகிறவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். அந்த நுனி ஒரு குழந்தையின் சட்டைக்குள் போவதை நினைத்துப் பாருங்கள்.

சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். மெக்கானிக், மனேஜர் சிலர் சிங்களவராக இருப்பார்கள். முதல் சொல்லே உங்களுக்குத் தெரிந்ததுதான்: சிங்களத்திலும் நூலுக்கு நூல் என்றுதான் பெயர். கத்தரிக்கோல் கத்துர. ஒரு வருடத்தில் பேசப் பழகிவிடுவீர்கள், அது கூடுதல் பலம். ஆனால் கையெழுத்துப் போடுகிற தாளில் மட்டும் சமாளிக்க வேண்டாம். நியமனக் கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

"காமண்ட்ஸ் பிள்ளை" என்று ஊரில் ஒரு மாதிரிக் கதைக்கிறார்களே?

கதைக்கிறார்கள். தெற்கிலும் அப்படித்தான் இருந்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கிய பிறகு அங்கே வேலைக்குப் போன சிங்களப் பிள்ளைகளை மெசினின் பெயரைச் சொல்லி "ஜூக்கி" என்று நக்கலடித்தார்கள். ஜூக்கி ஜப்பான் மெசின் கம்பனியின் பெயர். அந்தப் பிள்ளைகளின் உழைப்பில்தான் இன்றைக்கு நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களில் ஆடை முதலிடத்தில் நிற்கிறது. 1992 இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் என்று கிராமங்களுக்கு வேலை போனபோது எங்கள் பக்கம் யுத்தம் நடந்தது. வேலை எங்களைத் தேடி வரப் பிந்திவிட்டது. கதைப் பேச்சும் அதனால் பிந்தித்தான் வந்தது.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு வீடு முடிந்தால் அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள். தகப்பன் இல்லாத வீடுகளில், யுத்தமும் 2004 சுனாமியும் ஆட்களைக் கொண்டுபோன வீடுகளில், அந்தச் சுவரை யார் எழுப்புவது? எங்கள் ஒழுங்கையில் மட்டும் லைன் சம்பளத்தில் எழும்பிய வீடு நாலு இருக்கிறது. ஒன்றில் நான் இருக்கிறேன். கதைத்தவர்களின் பிள்ளைகளும் இப்போது என் பஸ்ஸில்தான் வருகிறார்கள், அவர்களுக்கும் நான்தான் பழக்கிக் கொடுக்கிறேன்.

அம்மாமாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பின்னேரம் ஏழு மணிக்கு வந்து இறங்கினால் "ஏன் பிந்தினாய்?" என்று கேட்க முதல் ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

ஊரிலேயே வேலை செய்வதா, கட்டுநாயக்க போவதா?

சம்பள வித்தியாசம் இருந்தால், போடிங் வாடகை, சாப்பாடு, மட்டக்களப்புக்கு வந்துபோகும் பஸ் காசு மூன்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கும் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கும் லீவு கேட்டு நிற்கும்போது அங்கே அதன் அருமை தெரியாது. இங்கே லைனில் பாதிப் பேர் அதே கோயிலுக்குப் போகிறவர்கள், முன்கூட்டியே மாறி மாறி எடுத்துக்கொள்ளலாம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வர ஒரு காலத்தில் மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2014 இல் பாலம் வந்தது, இப்போது பஸ் நேரே போகிறது. வீட்டில் இருந்து போய்வரக் கூடிய தூரத்தில் வேலை இருந்தால் முதல் இரண்டு மூன்று வருடம் இங்கேயே பழகுங்கள். பிறகு போவதென்றால் கையில் வித்தையோடு போகலாம்.

ஜோர்தான் போன்ற நாடுகளின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் எங்கள் நாட்டவர் போகிறார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகவே வேண்டாம்.

கலியாணம் முடித்தால், பிள்ளை பிறந்தால்?

பிரசவத்துக்கு முன் 2 வாரமும் பின் 10 வாரமும், மொத்தம் 12 வாரம் சம்பளத்தோடு லீவு. முன்பு மூன்றாவது பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். 2018 இல் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கினார்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை நேரம் தர வேண்டும்: பிள்ளை பராமரிக்கிற இடம் தொழிற்சாலையில் இருந்தால் அரை அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொரு மணித்தியாலம். பல பேர் இதை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டு, பின்னேரம் முந்திப் போகிறார்கள். வயிற்றில் பிள்ளை என்பதற்காக வேலையை விட்டு நிற்பாட்ட முடியாது.

கலியாணத்துக்காக வேலையை விட்டால் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. எங்கள் பிள்ளைகள் அதை எடுத்துத் தாலிக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே லைனுக்குத் திரும்பி வந்து சுழியத்திலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். திரும்பி வருகிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் தொடாதீர்கள். 10 வருடம் சேர்ந்து, கணக்கில் 300,000 ரூபாய் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ அதில் 30 வீதம் வேலையில் இருந்துகொண்டே எடுக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவர்களுக்கு, விலகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாலு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு விலகியவர்கள் பலர். இரண்டு மாதம் பல்லைக் கடித்திருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் கையில்.

அடையாள அட்டையில் பெயர் வேறு, தொழிற்சாலையில் பெயர் வேறு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடவே கூடாது. என்னோடு இருந்த ஒருத்திக்கு முதல் வேலை இடத்தில் முதலெழுத்தை மாற்றி, பெயரில் ஒரு எழுத்தையும் விட்டுப் பதிந்துவிட்டார்கள். அவள் கவனிக்கவில்லை. எட்டு வருடம் கழித்துக் காசுக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று தாள் திரும்பி வந்தது. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், தொழில் அலுவலகம், பழைய தொழிற்சாலை என்று கைக்குழந்தையோடு பதினாலு மாதம் அலைந்தாள். முதல் மாதச் சம்பளச் சிட்டை கைக்கு வந்ததும் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் அந்தக் கிழமையே திருத்தக் கேளுங்கள். சிட்டைகளை எறியாமல் ஒரு பையில் போட்டு, மாரியில் நனையாத இடத்தில் வையுங்கள்.

ஏச்சு, தொல்லை வந்தால்?

வேலைக்காகக் கொஞ்சம் சத்தம் போடுவது வேறு, மானத்தைத் தொடுகிற பேச்சு வேறு. பாலியல் தொல்லை தண்டனைச் சட்டத்தில் குற்றம், சொல்லாலே செய்தாலும் குற்றம்தான். திகதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் யார் என்று எழுதி வைத்துவிட்டு, மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடவடிக்கை இல்லையென்றால் பொலிஸ். சம்பளம், ஓவர்டைம், சேமலாப நிதிப் பிரச்சினை என்றால் மாவட்டத் தொழில் அலுவலகம், அங்கே முறைப்பாடு கொடுக்கக் காசு கேட்கமாட்டார்கள். சங்கம் சேர்வது அரசியலமைப்பு தந்த உரிமை. ஓவர்டைமுக்கு உங்கள் சம்மதம் வேண்டும். பெண்களுக்கு மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கக் கூடாது.

ஆம்பிளைகளுக்கு இடம் இருக்கிறதா?

நிறைய. கட்டிங், இஸ்திரி, ஸ்டோர்ஸ் என்று மட்டும் நினைக்க வேண்டாம், தைக்கிற பொடியன்களும் இருக்கிறார்கள். மெசின் மெக்கானிக் படித்தவருக்கு எப்போதும் தேவை உண்டு. துணி ஆலை பிடிக்காவிட்டால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளும், ஹிங்குராணை சீனி ஆலையும் இருக்கின்றன. அவற்றில் வேலை அறுவடையை ஒட்டிக் கூடும், குறையும்.

ஒபரேட்டராகவே காலம் போய்விடுமா?

ஒரு மெசினை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் போய்விடும். மற்ற மெசின்களையும் தேடிப் படியுங்கள். சிங்கிள் நீடில், ஓவர்லொக், பிளட்லொக், பார்டெக் நாலும் தெரிந்தவளை எந்த லைனும் விடாது. ஒருத்தி வராத நாளில் "நான் பார்க்கிறேன்" என்று எழும்பிப் போய் இருங்கள். அன்றைக்கு உங்கள் வீதம் குறையும், பரவாயில்லை. என் இரண்டாவது மெசினை அப்படித்தான் படித்தேன். அதன் பிறகு குவாலிட்டி, பயிற்சியாளர், சுப்பர்வைசர், வேர்க் ஸ்டடி என்று வழி பிரியும். என்.வீ.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் 3, 4 ஆம் மட்டம் எடுத்து வையுங்கள். வேலை செய்துகொண்டே, தெரிந்த திறமையைக் காட்டிப் பரீட்சிக்கப்பட்டும் அதை எடுக்கலாம். தொழிற்சாலை மாறினாலும் அந்தத் தாள் உங்களோடு வரும். எங்கள் லைனில் ஹெல்பராக வந்து, இன்றைக்கு 60 பேரைப் பார்க்கிற ஒருத்தி சாதாரண தரத்தில் கணக்கு பெயில். நிமிடக் கணக்கை இப்போது மனதிலேயே போடுவா.

நாளைக்கு நேர்முகத் தேர்வு. என்ன கொண்டுபோக வேண்டும்?

அடையாள அட்டையும் பிரதியும், பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், வங்கிப் புத்தகம். தலைமயிரை இறுக்கிக் கட்டுங்கள். வளையல், தொங்குகிற தோடு வேண்டாம். பர்தா போடுகிற பிள்ளைகள் நுனியைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள், மெசின் பட்டி இழுக்கும். விரலால் சின்ன மணிகளைப் பொறுக்கிப் போடச் சொல்லுவார்கள், நிறம் பிரிக்கச் சொல்லுவார்கள். கையின் சுறுசுறுப்பையும் கண்ணையும் பார்க்கத்தான். அவசரப்பட வேண்டாம். அவர்கள் கேட்டு முடிந்ததும் நீங்கள் மூன்று கேளுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நியமனக் கடிதம் எப்போது தருவீர்கள், மாரியில் எங்கள் ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் வராத நாளை லீவாகக் கழிப்பீர்களா. மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். வவுணதீவு, வெல்லாவெளிப் பிள்ளைகள் அதைக் கேட்காமல் வர வேண்டாம்.